கட்டிலுக்கு அடியில் ஒரு நாய்

காப்பகத்திலிருந்து வந்த நாய் நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதைத் தத்தெடுத்து வந்த மங்களேஸ்வரி, ஒரு தட்டில் பால்சோறு வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை.

அந்த வீட்டுப் பூனை குனிந்து பார்த்தது. "சாப்பிடலையா?"

"அவங்க உள்ள போகட்டும். முன்னால இருந்த வீட்லயும் முதல்ல சோறுதான் வெச்சாங்க. அப்புறம்தான் கம்பை எடுத்தாங்க."

"இங்க கம்பு கிடையாது. ஒட்டடைக் குச்சி ஒண்ணுதான் இருக்கு."

"அதுவும் கம்புதானே," என்றது நாய்.



அவள் சமையலறையில் இருக்கும்போது மட்டும் நாய் வெளியே வந்து சாப்பிட்டது. இப்படியே சில வாரங்கள் போயின. ஒருநாள் காப்பகத்துக்காரர் பார்க்க வந்தார்.

"இன்னும் பழகலையா? இதைக் கூட்டிட்டுப் போயிட்டு, நல்லா வாலாட்டுற நாயா ஒண்ணு தர்றேம்மா," என்றார்.

"இருக்கட்டுங்க, இதுவே போதும்," என்றாள் மங்களேஸ்வரி.

அதற்குள் அவர் சங்கிலியோடு கட்டிலுக்கு அடியில் குனிந்துவிட்டார். நாய் மறுபக்கமாகப் பாய்ந்தது. வாசல் கதவு திறந்தே கிடந்தது. தெருவுக்குப் போய்விடும் என்றுதான் பூனை நினைத்தது. நாயோ மங்களேஸ்வரியின் சேலைக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. அவள் தொடவில்லை. காலை மட்டும் அசைக்காமல் நின்றாள்.

வந்தவர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

"பயம் போயிடுச்சா?" என்று பூனை கேட்டது.

"இல்லை," என்றது நாய். அது இன்னும் அவள் சேலையை விட்டு நகரவில்லை.

"கதவு திறந்துதானே இருந்துச்சு? ஏன் ஓடல?"

"ஓடித்தானே வந்திருக்கேன்," என்றது நாய்.