வாபஸ் வாங்கும் நாள்

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சங்கரேஸ்வரி படி இறங்கப்போன நேரம், வானமாமலை அவளுடைய பியூட்டி பார்லருக்குள் வந்து நின்றார்.

ஆண்கள் வரக்கூடாத இடம் அது. முகத்தில் கிரீம் பூசிப் படுத்திருந்த பெண் பதறி எழுந்தாள். காத்திருந்தவர்கள் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டார்கள்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. சுழல் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கூட வந்த இருவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

தாராவியில் பழைய வீடுகளை இடித்துப் புதுக் கட்டடம் கட்டும் பில்டருக்காகப் பேசுகிறவர் வானமாமலை. கோலி என்று அங்கே சொல்லும் ஒற்றை அறை வீட்டைக் காலி செய்ய மறுக்கும் குடும்பங்களைப் பார்க்க நேரில் போவார். எந்த வீட்டுக்கும் அவர் இரண்டாவது தடவை போகவேண்டி வந்ததில்லை. இந்தக் கார்ப்பரேஷன் தேர்தலில் அவர் மனைவி நிற்கிறாள்.

சங்கரேஸ்வரியும் நிற்கிறாள். சுயேச்சை. வாழ்க்கையில் முதல் தேர்தல். அவளைப்போல் மாடியில் குடியிருப்பவர்களுக்குப் புதுக் கட்டடத்தில் இடம் கிடையாது, எங்கோ தூரத்தில்தான் வீடு என்று சர்வே ஆட்கள் சொல்லிவிட்டுப் போன அன்று, கோபத்தில் மனு போட்டவள்.

அதே சந்துத் தங்கமயிலும் ஒரு சின்னக் கட்சியின் டிக்கெட்டில் நின்றாள். நிறுத்திய ஆளைக் கட்சி விலக விடாது. இரண்டு பேரும் நின்றால் திருநெல்வேலிக்காரர்களின் ஓட்டு இரண்டாக உடையும். வானமாமலையின் மனைவி நோகாமல் ஜெயித்துவிடுவாள். அதனால் சங்கரேஸ்வரி விலகுவது என்று இருவரும் முந்தின நாள் ரகசியமாகப் பேசி முடித்திருந்தார்கள். இன்று மூன்று மணிக்குள் வாபஸ் வாங்கவேண்டும். தங்கமயில் தேர்தல் அலுவலக வாசலில் அவளுக்காகக் காத்திருந்தாள்.

“தங்கச்சி, மனுவ வாபஸ் வாங்கிருங்க,” என்றார் வானமாமலை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குத்தானே கிளம்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

“ஷ்ருதிக்கு வடாலாவுலதான காலேஜு? மோனோ ரயில்லல்லா வருது பிள்ளை? சாயங்காலம் கூட்டம் ஜாஸ்தி. பாத்து வரச் சொல்லுங்க.”

மகள் பெயரைக் கேட்டதும் சங்கரேஸ்வரி கைப்பையைக் கீழே வைத்தாள். சுவர் நீளக் கண்ணாடியில் அத்தனை பெண்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பயம் அடங்கிய இடத்தில் கோபம் மூண்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சந்து முழுக்கத் தெரிந்த குணம் அது. கெஞ்சிக் கேட்டால் எதையும் கொடுப்பாள். மிரட்டினால் நின்ற இடத்தைவிட்டு நகரமாட்டாள். பார்லர் வைக்கக்கூடாது என்று புருஷன் கையை ஓங்கிய வாரத்தில்தான் இந்தக் கடையையே திறந்தாள்.

“மாட்டேன் அண்ணாச்சி. ஒங்களால ஆனதப் பாத்துக்கிடுங்க.”

வானமாமலை எழுந்தார். கோபம் இல்லை. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார்.

“யோசிங்க தங்கச்சி. மூணு மணி வரைக்கும் டைம் இருக்கு.”

அவர் போனதும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி அழுதாள். கிரீம் காய்ந்துபோன முகத்தோடு இன்னொருத்தி, தன் வீட்டு ஓட்டு அத்தனையும் அவளுக்கே என்றாள். சற்று நேரத்தில் சந்துக்கே செய்தி தெரிந்து, கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

முதலில் மகளைப் போனில் கூப்பிட்டாள். நேரே தோழி வீட்டுக்குப் போ, நான் சொல்லும்வரை வராதே என்றாள். பிறகு தங்கமயிலைக் கூப்பிட்டாள்.

“மதினி, நான் வரல. இப்ப வந்து வாபஸ் வாங்குனா, அவரு மெரட்டுனாரு, இவ பயந்துட்டான்னுல்லா ஊரு பேசும்.”

“ஏட்டி, வீம்பு பண்ணாத. பேசுனாப் பேசிட்டுப் போறாவ. ஓடி வா.”

சங்கரேஸ்வரி வாசலைப் பார்த்தாள். தெரியாத பெண்கள்கூட அவளைப் பார்த்துக் கும்பிட்டார்கள். தானே ஜெயித்துவிடலாம் என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது. போனைக் கட் செய்தாள்.

மூன்று மணி கடந்தது. யாரோ பேடா வாங்கி வந்து அவள் வாயில் ஊட்டினார்கள்.

அப்போது சந்து முனையில் ஒரு டெம்போ வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து வானமாமலை இறங்கினார். கூட்டம் அடங்கிப்போனது. சங்கரேஸ்வரி தனியாக அவரை நோக்கி நடந்தாள். முதுகுக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கும்போது அவளுக்கு என்ன பயம்?

அவர் இரண்டு கையையும் கூப்பினார். அவளுக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகப் பேசினார்.

“பிள்ளைய வீட்டுக்கு வரச் சொல்லுங்க தங்கச்சி. இனிமே ஒரு டென்ஷனும் இல்ல.”

அவருடைய ஆள் டெம்போவின் தார்ப்பாயை விலக்கினான்.

உள்ளே கட்டுக்கட்டாகப் போஸ்டர். எல்லாவற்றிலும் அவள் முகம்.

தீபாவளியன்று வீட்டில் ஷ்ருதியோடு எடுத்த படம். ஷ்ருதியின் போனைத் தவிர வேறெங்கும் இல்லாதது. மகளை வெட்டி எடுத்திருந்தார்கள். அவள் விரல்கள் மட்டும் அம்மாவின் தோளில் மிச்சம் இருந்தன.

படத்துக்குக் கீழே மராத்தியிலும் தமிழிலும் அவள் பெயர். சுயேச்சை வேட்பாளர். அதற்கும் கீழே, பெரிதாக, ஒரு தையல் மெஷின்.

“சுயேச்சைக்குச் சின்னம் நாளைக்குல்லா குடுப்பாவ?” என்றாள்.

“ஆமா,” என்றார் வானமாமலை. “நீங்க நிக்கணும்னுதான கடைக்கே வந்தேன். நாளைக்குக் காலையில போய், இத வாங்கிட்டு வந்திருங்க.”

பின்னால் பெண்கள் அவள் பெயரைச் சொல்லிக் கோஷம் போடத் தொடங்கியிருந்தார்கள்.