ஈரத்துணிச் சோதனை

உலகம் தோன்றிய நாள் முதல் அப்பழுக்கில்லாத கருப்பு என்ற ஒன்று பூமியில் இருந்ததே இல்லை. அதைக் கொண்டுவந்தவர் பொன்னுரங்கம். அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். கிளி போல் வளைந்த அலகுள்ள கிளிமூக்குச் சேவல் எவ்வளவு கருப்பாகப் பிறந்தாலும் கழுத்தில் நாலு செம்பட்டை இறகு எட்டிப் பார்த்துவிடும். அதை ஒழிக்க ஏழு தலைமுறை ஜோடி சேர்த்தார். கோழிகளின் தலைமுறைதான். "எங்க வம்சத்துல நரையே கெடையாதுங்க" என்பது அறுபது தாண்டிய அவருடைய இன்னொரு பெருமை.

சேவல் கண்காட்சியில் நடுவர் கமருதீன் பாய் ஈரத்துணியால் சேவலின் கழுத்தை அழுத்தித் துடைத்தார். சாயம் பூசிய சேவல்கள் அதில்தான் மாட்டும். துணி வெள்ளையாகவே இருந்தது. நிம்மதியில் பொன்னுரங்கத்துக்குக் குப்பென்று வியர்த்தது. பாய் மேசையில் வைத்த துணியையே அவர் எடுத்துத் தன் முகத்தை ஒரு துடை துடைத்து, இருந்த இடத்தில் வைத்தார்.

விழாத் தலைவர் வந்து துணியைப் பிரித்தார். கன்னங்கரேலென்று ஒரு கறை.

"சாயச் சேவல்! வெளிய தூக்குங்கப்பா!"

"நான் பாக்கறப்ப சுத்தமா இருந்துச்சே!" என்றார் பாய்.

பொன்னுரங்கத்தை மனைவி தெய்வானை முழங்கையால் இடித்துக் காதோடு சொன்னாள்: "ஏனுங்க, ஏழு தலைமுறைக் கருப்பா, பாக்கெட்டுக் கருப்பா? ஒண்ணை விட்டுப்போடுங்க."

அவர் சேவலைப் பார்த்தார். அது வேறெங்கோ பார்த்தது. பிறகு தலைவரைத் தனியே அழைத்துப்போய் ஏதோ முணுமுணுத்தார்.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி மைதானம் முழுக்க அறிவித்தது: முதல் பரிசு பொன்னுரங்கத்தின் சேவலுக்கு. சேவலின் நிறம் இயற்கையானது. கறை உரிமையாளரின் மீசையிலிருந்து வந்தது.