சாயம் போட்ட தேவதாரு

மாலை வெயில் ரீனாவின் புதுவீட்டு வாசலில் நிற்கும் தேவதாருவின் மேல் சாய்கிறது. ஊட்டியிலிருந்து கிறிஸ்துமஸுக்கென்றே வாங்கி வந்து நட்ட மரம். கொத்துக் கொத்தான ஊசியிலைகள் செம்பட்டையாகிவிட்டன. படவேடு கிராமத்தில் வாழைக்குப் பாய்ச்சிப் பழகிய தோட்டக்காரர் சடையன், இதற்கும் தினம் பாத்தி நிரம்பத் தண்ணீர் விட்டு வேரை அழுக வைத்துவிட்டார். இப்போது அவர் முதுகில் மருந்தடிக்கும் டேங்க் தொங்குகிறது. உள்ளே பட்டுநூலுக்குப் போடும் பச்சைச் சாயம். “உயிரு கீதும்மா, தோ பாருங்க.” நகத்தால் பட்டையைச் சுரண்டுகிறார். நெல்லளவு ஈரப்பச்சை மின்னுகிறது. “ஒரு மாசம் தண்ணி காட்டாம வுட்டா தழைச்சிக்கும். சாயத்துல ஆசிட் கீது, மரத்து மேல பட்டா செத்துப்பூடும்மா.” ரீனா வளையலைத் திருகிக்கொள்கிறாள். “கேக் வெட்ட வர்றவங்கள ஒரு மாசம் கழிச்சி வரச் சொல்லட்டுமா? பாதி கொன்னது நீதானே? மீதியையும் நீயே முடி. இல்லன்னா வெளி கேட்டு அங்க இருக்கு.” டேங்க் சீறுகிறது. சுரண்டிய இடத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சடையன் அடிக்கிறார். “கைய எடுய்யா, அங்க மட்டும் திட்டாத் தெரியுது.” கையை எடுக்கிறார். அங்கேயும் அடிக்கிறார். வாசலில் முதல் கார் வந்து நிற்கிறது. இறங்கிய விருந்தாளி மரத்தை அண்ணாந்து பார்க்கிறார். “அடேயப்பா, நம்ம ஆரணி வெயில்ல இவ்ளோ பச்சையா! யாருங்க வளர்க்கிறது?” ரீனா சிரிக்கிறாள். “நான்தாங்க. கொழந்த மாதிரி பாத்துக்கினு இருக்கேன்.” சடையன் பச்சைக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.