வாலுக்குக் கீழே

வாலைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவன் கூடத்தின் ஓரத்தில் நின்றான். கையில் சாப்பாட்டுத் தூக்கு. மணி ஒன்று ஆகப்போகிறது.

இந்த மியூசியத்தில் பதினோரு வருடமாக அவன் காவலாளி. அவன் காவலில் ஒரு டைனோசர். பிளாஸ்டர் எலும்புக்கூடு. வாலைத் தரையில் ஊன்றி, மூக்கைத் தூக்கி, மின்விசிறியைப் பார்த்தபடி நிற்கும். மழைநாளில் அது வாலை ஆட்டும், நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன் என்று வருகிறவர்களிடம் சொல்வான். மூன்று முறை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்து, அது இப்படி நிற்பதே தப்பு என்றுவிட்டார். பாறையில் காலடித் தடங்கள் கிடைத்திருக்கின்றனவாம். நடுவில் வால் இழுபட்ட கோடே இல்லையாம்.

“வால் தரையில படவே படாதுங்க. தராசு மாதிரி. வால் மேல ஏறினா தல கீழ வரும்.”

“இத்தன வருஷமா ஒரே மாதிரி நிக்குது சார். இப்பப் போய்த் திருப்பினா முதுகு பிடிச்சுக்காதா?”

ஆராய்ச்சிக்காரர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

தினமும் ஒரு மணிக்கு வாசலைச் சாத்துவான். டிக்கெட் கவுன்டரிலிருந்து அமலோற்பவம் வருவாள். தரையில்தான் உட்காருவார்கள். வாலுக்கு இந்தப் பக்கம் அவன். அந்தப் பக்கம் அவள். வாலெலும்பின் கணுக்களுக்கு நடுவே குழம்புக் கிண்ணம் சாயாமல் நிற்கும்.

அவன் அள்ளி அள்ளி விழுங்குவான்.

“அதுக்கு மெல்லுற பல்லு கெடையாது, பிச்சு முழுங்குது. உங்களுக்கு என்ன கேடு?” என்பாள்.

மியூசியத்தில் எல்லோருக்கும் அவன் அண்ணன். பெரிய அதிகாரிகூட அண்ணே என்பார். அவள் மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அதை அவன் கவனித்திருந்தான்.

கவனித்ததோடு சரி.

இரண்டு மாதத்துக்கு முன் அவள் ஓய்வு பெற்று, திண்டுக்கல்லில் தங்கை வீட்டுக்குப் போனாள். போகும்போது ஒரு டிக்கெட்டின் பின்னால் போன் நம்பர் எழுதிக் கொடுத்தாள்.

“ஏதாச்சும் விசேஷம்னா சொல்லுங்க.”

மியூசியத்தில் என்ன விசேஷம் வரும்? எல்லாம் ஆறரைக் கோடி வருடத்துக்கு முன்பே முடிந்துபோன சமாச்சாரம்.

டிக்கெட் சட்டைப் பையிலேயே இருந்து இரண்டு முறை துவைபட்டது. நம்பர் போய்விட்டது. அதனால் ஒன்றும் இல்லை. முதல் நாளே மனப்பாடம்.

கடைசித் திருகாணியை முடுக்கினார்கள். வால் மேலே நீண்டு நின்றது. தலை இறங்கி வந்தது. இத்தனை வருடம் மின்விசிறியைப் பார்த்தது, இப்போது வாசலைப் பார்த்தது.

ஆட்கள் சாப்பிடப் போனார்கள்.

அவன் போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினான்.

“வாலத் தூக்கிட்டாங்க.”



“அப்ப எங்க உக்காந்து சாப்பிடுறீங்க?”

திரும்பிப் பார்த்தான்.

வாலுக்குக் கீழே தரை நிழலாகக் கிடந்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம்.

நடுவில் எதுவும் இல்லை.

“அது நீங்க நேர்ல வந்து பாக்க வேண்டியது,” என்றான்.

அன்று அவன் மென்று தின்றான்.