கடன் இல்லாத சம்பந்தம்

"பொண்ணு புடிச்சிருக்குது. கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டுடறேன் நைனாரே. உங்களுக்குக் கடன் கிடன் ஏதாச்சும் இருக்குதா?"

வந்தவாசியிலிருந்து மனைவி, மகனோடு செஞ்சிக்குப் பெண் பார்க்க வந்திருந்த நேமிநாதன் கேட்டார்.

பெண்ணின் அப்பா புஷ்பதந்தனுக்குப் பகீரென்றது. இன்றைய தேதிக்கு அவருக்கு ஒரு பைசா கடன் இல்லை. ஆனால் பிள்ளை வீட்டார் கேட்ட ஐயாயிரம் ரொக்கத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் எங்கே போவது? ஏரிக்கரை நிலத்தை நாளைக் காலையில் வட்டிக்கடை தனகோட்டியிடம் அடமானம் வைப்பதாகப் பேசி முடித்திருந்தார். இருக்கிறது அந்த ஒரு நிலம்தான். அது போனாலும் சரி, இந்த இடம் கைநழுவக் கூடாது என்று மனிதருக்கு ஒரே பிடிவாதம்.

"கடனா? ராஜகிரிக் கோட்டை உச்சியில ஏறி நின்னு சொல்றேன். ஒரு பைசா கெடையாது!"

"அதான் வேணும். எங்க சித்தப்பா கடன்கார வீட்ல பொண்ணெடுத்து, மாமனார் கடனக் கட்டியே ஓட்டாண்டி ஆனாரு. அதுலேந்து கடன் இருக்கிற வீட்டு வாசப்படிய நாங்க மிதிக்கிறதில்ல. என் தலைல இன்னி வரைக்கும் கடன் கெடையாது, தெரியுமா?" என்று மீசையை நீவிக்கொண்டார் நேமிநாதன்.

அதோடு தட்டை மாற்றியிருக்கலாம். அவருக்கு நாக்கு சும்மா இருந்தால்தானே!

"நீ சொல்லும்மா. சித்தாமூர் மடத்துல சத்திய விரதம் எடுத்த பொண்ணாமே. பொய்யே பேச மாட்டியாமே. உங்க வீட்ல கடன் இருக்குதா?"

சந்தனா தலை நிமிர்ந்தாள்.

"இருக்குது மாமா."

புஷ்பதந்தனுக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது. ஐயையோ, தனகோட்டி சமாசாரம் இவளுக்கு எப்படித் தெரிந்தது?

"எவ்ளோ?" என்றார் நேமிநாதன்.

"மொத்தமா எண்ணி மாளாது. நைனா தலைல ஒரு பங்கு, என் தலைல ஒரு பங்கு. அதோ தூளியில தூங்குதே எங்க அக்கா கொழந்த, பொறந்து மாசம்கூட ஆவல, அது தலைலயும் ஒரு பங்கு."

"அடக் கடவுளே! பச்சப்புள்ள மேலயுமா?" நேமிநாதனின் மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"வாங்கறப்போ எங்கள யாரும் கேக்கல அத்தை. போன மாசம் சாப்ட கோதுமைகூட கடன்ல வந்ததுதான். பழைய கடன அடைக்கப் புதுக் கடன். போன வாரம் ஒரே ராத்திரில அம்மாம் கடனும் ஒண்ணரை மடங்கா ஏறிடுச்சி."

"ஒரே ராத்திரிலயா? அது இன்னாம்மா வட்டி?"

"நான் கல்யாணமாயி உங்க வீட்டுக்கு வந்தா என் பங்கும் என்கூடவே வரும் மாமா. மறைச்சா பாவமில்லியா?"

நேமிநாதன் திரும்பினார். "இன்னா நைனாரே, பொண்ணு சொல்றது பொய்யா?"

"இல்லீங்க... அது வந்து... நாளைக்குத்தான்..." என்று உளறி நாக்கைக் கடித்துக்கொண்டார் புஷ்பதந்தன்.

போதாதா? "எழுந்திருடா!" என்று மகனை அதட்டினார் நேமிநாதன். சமணர் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்று இலை போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாப்பிள்ளைப் பையன் மட்டும் தட்டிலிருந்த முறுக்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினான்.

புஷ்பதந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாவி மவளே! நல்ல எடத்தக் கெடுத்துட்டியே! தனகோட்டி விஷயத்த இப்டியா போட்டு ஒடைப்ப?"

"அதப்பத்தி நான் மூச்சே வுடலியே நைனா. நேத்து நீங்க அவருகிட்ட பேசினதக் கேட்டேன், வாஸ்தவம்தான். ஆனா நாளைக்கு வாங்கப்போற கடன் இன்னிக்கே எப்டிக் கடனாவும்? இனிமே அத வாங்கவும் வேணாம். நெலம் நம்மகிட்டயே இருக்கட்டும்."

"அப்போ நீ சொன்னது எந்தக் கடன்டி?"

"நம்ம சர்க்காரு அமெரிக்கா, ரஷ்யான்னு ஒலகமெல்லாம் வாங்கி வச்சிருக்குதே, அந்தக் கடன். போன வாரம் ரூபா மதிப்பக் கொறச்சதும் ஏறிப்போச்சின்னு ரேடியோல சொன்னாங்களே, நீங்களும்தான கேட்டீங்க? இந்த நாட்ல பொறந்த அத்தன பேர் தலைலயும் அதுல ஒரு பங்கு இருக்குது நைனா."

புஷ்பதந்தன் திகைத்துப்போய் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று, தன் பங்குக் கடனையும் தன் தலையிலேயே சுமந்துகொண்டு, வந்தவாசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார் நேமிநாதன்.