வயிற்றுப் பிள்ளை சொன்ன ஜோசியம்

“பிரேசில்” என்று செல்போனைப் பார்த்து வாசித்தான் நெடுமாறன். மருமகள் கவியாவின் வயிற்றில் கை வைத்திருந்த காசியம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

“சரி, குரோஷியா.”

“உதைக்குதுடா. நல்லாவே உதைக்குது.”

உலகக் கோப்பைக் கால்பந்தில் காலிறுதி தொடங்கும் நாள் அது. பிரேசிலையாவது, குரோஷியா ஜெயிப்பதாவது என்று நெடுமாறன் சிரித்தான். ஆனாலும் வயிற்றுப் பிள்ளையின் ஜோசியம் என்று நண்பர்கள் குழுவுக்கு அதை அப்படியே அனுப்பிவைத்தான்.

கட்டிலில் படுத்திருந்த கவியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் நினைத்திருந்ததும் குரோஷியாதான். முந்தைய ஆட்டத்தில் அவர்களுடைய கோல்கீப்பர் மூன்று பெனால்டிகளைத் தடுத்திருந்தான். ஆட்டத்தை இழுத்தடித்துப் பெனால்டிவரை கொண்டுபோய்விட்டால் அவர்களை அசைக்க முடியாது. ஆனால் அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கால்பந்தைப் பற்றி இனி யாரிடமும் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

காரைக்காலில் ஒரு தனியார் பள்ளியில் அவள் விளையாட்டு ஆசிரியை. போன வருஷம் நாலாம் மாதத்தில் கரு கலைந்தபோது, கிரவுண்டில் ஓடிக்கொண்டிருந்தால் எப்படித் தங்கும் என்று உறவில் நாலு பேர் பேசினார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது ஐந்தாம் மாதம். படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றே ராஜினாமாக் கடிதத்தைத் தன் கையால் எழுதி, சிரித்த முகத்தோடு கணவனிடம் கொடுத்தனுப்பினாள். மாமியார் அன்று வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தையின் அசைவு தெரியவில்லையே என்பதுதான் அவளுடைய பெரிய பயம். நஞ்சுக்கொடி முன்பக்கம் இருப்பதால் உதை தாமதமாகத்தான் தெரியும், துடிப்பெல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லியிருந்தார்கள். மனம் கேட்கவில்லை. அன்று சாயங்காலமும் வயிற்றைத் தடவித் தடவிக் கலங்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் காசியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே பார்ப்போம் என்று கை வைத்து, அன்று மோதும் அணிகளின் பெயர்களை மகனை வாசிக்கச் சொன்னாள்.

பெனால்டியில் குரோஷியா ஜெயித்தது. அடுத்த ஆட்டத்துக்கு அர்ஜென்டினா என்று சொன்னதும் பலித்தது.

மறுநாள் தெருப் பெண்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். போர்ச்சுகலுக்கு அசையாத பிள்ளை மொராக்கோவுக்கு உதைத்ததாகக் காசியம்மா சொன்னாள். வந்தவர்கள் சிரித்தார்கள். மொராக்கோ அதுவரை வாங்கியது ஒரே ஒரு கோல், அதுவும் தனக்குத்தானே போட்டுக்கொண்டது என்பது கவியாவுக்கு மட்டும் தெரியும். மொராக்கோவும் ஜெயித்தது. இங்கிலாந்து என்றது மட்டும் பொய்த்துப்போனது. வேடிக்கை என்னவென்றால், கவியா நினைத்திருந்ததும் இங்கிலாந்துதான்.

தான் நினைப்பது பிள்ளைக்குக் கேட்கிறது என்றே அவள் நம்பத் தொடங்கினாள். மத்தியானம் மாத்திரை போட்டதும் கண் சொக்கும். வயல் பக்கமிருந்து வரும் மழைச் சத்தத்துக்குள் ஒரு மைதானம் மெல்ல விரியும். ஈரப் புல்லில் பந்து அவளைத் தேடி உருண்டுவரும். அவள் ஓடுவாள். முகம் தெரியாத ஒரு சின்ன உருவமும் கூடவே ஓடிவரும். கண் விழித்தால் காசியம்மா கட்டிலோரமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். மைதானத்தின் வாசனை இன்னும் அறைக்குள் இருப்பதுபோல் தோன்றும். நாளாக நாளாகப் பயம் விட்டது. சோறு இறங்கியது.

அரையிறுதி இரண்டும் பலித்தன. இறுதி ஆட்டத்தன்று, பிரெஞ்சு அரசாங்கப் பென்ஷன் வாங்கும் எதிர்வீட்டுத் தெட்சிணாமூர்த்தி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து கட்டிலருகே நின்றார்.

“பிரான்சுன்னு பேரன்கிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லும்மா.”

காசியம்மா கண்ணை மூடிக் கை வைத்துப் பார்த்தாள். பிள்ளை அர்ஜென்டினாவுக்குத்தான் உதைத்ததாம். அவர் பழத்தை வைத்துவிட்டுப் போனார். அன்று அர்ஜென்டினா கோப்பையைத் தூக்கியது.

மறுநாள் கவியாவோடு வேலை பார்த்த விஷ்ணுப்ரியா அவளைப் பார்க்க வந்தாள். பேச்சோடு பேச்சாக, பிள்ளைகளெல்லாம் அடுத்த பள்ளிக்கூட வருஷத்துப் பயிற்சியைப் பற்றி இப்போதே கேட்கிறார்கள் என்றாள்.

“நான்தான் வேலையை விட்டுட்டேனே” என்றாள் கவியா.

“ஒனக்குத் தெரியாதா? போன வாரமே ஒன் மாமியாரு ஸ்கூலுக்கு வந்து லெட்டரத் திருப்பி வாங்கிட்டாங்க. லீவுன்னு எழுதிக்குங்க, பிரசவம் முடிஞ்சு வருவான்னு சொல்லிட்டுப் போனாங்க.”

கவியா தோழியை அனுப்பிவிட்டு மாமியாரைக் கூப்பிட்டாள்.

“வேலைய விட மனசில்லன்னு நான் யாருகிட்டயும் சொல்லலியே, அத்தை. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

காசியம்மா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், உள்ளேயிருந்து யாரோ பாதத்தால் பந்தைத் தொட்டுப் பார்த்ததுபோல் இருந்தது. கவியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் அது வந்தது. சட்டென்று மாமியாரின் கையை இழுத்து அந்த இடத்தில் வைத்தாள்.

காசியம்மா வெகுநேரம் கையை எடுக்கவில்லை. கண் நிறைந்து வழிந்தது.

“இதாம்மா என் கைக்குப் பட்ட மொத உதை” என்றாள். “எந்த டீமு ஜெயிக்கும், ஸ்கூலுக்கு எப்பப் போவோம்னு இத்தன நாளா மத்தியானத் தூக்கத்துல எங்கிட்ட சொன்னதெல்லாம் நீதான்.”