பசை இறுகும் நேரம்

கூதிர் கழிந்து முன்பனி புகும் காலம். பொழிந்து களைத்த வானம் இறங்கிவந்து தெருவிலேயே படுத்துக்கொண்டதுபோல மூடுபனி. எதிர்வீட்டு மதில் இல்லை. மின்கம்பம் இல்லை. மரங்களுக்கு அடி இல்லை. தலை மட்டும் இருந்தது.

உலகம் இன்னும் படைக்கப்படாத வைகறை. அல்லது, இந்த ஒரு வீடு மட்டும் ஓசையின்றி எழும்பி மேகத்துக்குள் வந்துவிட்ட வைகறை.

அவள் வண்டிக்கொட்டகையின் விளக்கைப் போட்டாள்.

வண்டி வெளியே பனியில் நனைந்துகொண்டிருந்தது. அது நிற்கவேண்டிய இடத்தில், ஆள் ஏறிப் பறக்கக்கூடிய ஒரு சிறிய விமானம், வரைபடச் சுருளாகவும் மரச்சட்டக் கட்டுகளாகவும் கிடந்தது. சின்னவன் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான் கிடக்கிறது.

உட்கார்ந்து ஒட்டி முடிக்க நேரம் வாய்க்கவில்லை. பகலெல்லாம் அவள் ஊராருக்குப் பல்செட் செய்பவள். மெழுகில் ஈறு வடித்து, ஒவ்வொரு பல்லாக அதில் நடவேண்டும். வேலை செய்யும் இடத்தில் அவளுக்குப் பெயர் பைலட்டம்மா. "பைலட்டம்மா, இந்தக் கடைவாய்ப்பல்லு தரையிறங்கிடுச்சு, கொஞ்சம் மேலே ஏத்துங்க!" என்று பக்கத்து மேசையிலிருந்து குரல் வரும். அவளும் சிரித்துக்கொண்டே ஏற்றுவாள். மாலையானால் வீடு அவளை எடுத்துக்கொள்ளும்.

வீட்டுக்கு விட்டுக்கொடுக்கலாம். பசை விட்டுக்கொடுக்காது. இரண்டு டப்பாவிலிருந்தும் எடுத்துக் கலந்துவிட்டால் அரைமணி நேரம்தான். நடுவில் எழுந்துபோனால் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும்.

அப்படிக் கல்லான கிண்ணங்கள் சன்னல் விளிம்பில் வரிசையாக இருந்தன. ஒன்று, சின்னவனுக்குக் காய்ச்சல் கண்ட அன்று. ஒன்று, மாமனார் குளியலறையில் வழுக்கிய அன்று. ஒன்று, மறுநாள் பள்ளிக்கு ஓர் எரிமலை செய்து கொண்டுபோகவேண்டும் என்பது மூத்தவளுக்குத் திடீரென்று நினைவுக்கு வந்த அன்று.

நேற்றுச் சாப்பிடும்போது கணவன் பேச்சை எடுத்தான்.

"உன் விமானச் சாமானை அந்தக் காலேஜ் வாத்தியார் மறுபடியும் கேட்டார். பசங்களுக்குக் காட்டிச் சொல்லிக்குடுக்க உதவுமாம். நாளைக்கே வண்டி கொண்டாறேன்னார். இங்க கெடந்து செல்லரிக்கறதுக்கு..."

"காலைல ஒரே ஒரு சட்டம் ஒட்டிப் பாக்குறேங்க. அதுவும் முடியலைன்னா ஏத்தி விட்டுடுங்க."

அவன் ‘உம்’ கொட்டிவிட்டுத் தட்டோடு எழுந்துபோனான்.

இறக்கைக்குள் விலா எலும்புகளைப் போல அடுத்தடுத்து நிற்கப்போகும் சட்டங்களில் இது முதலாவது. அச்சுப்பலகையில் மெல்லிய மரக்குச்சிகளை வளைத்துப் பொருத்தினாள். குச்சிகள் கூடும் இடந்தோறும் ஒட்டவேண்டிய பலகைச் சில்லுகளை எண்ணெய்க் கறை படாத துணியில் பரப்பினாள்.

பசையைக் கலந்தாள்.

கலந்த கையோடு காதைத் தீட்டிக்கொண்டாள். இனி எந்தக் கணத்திலும் அழைப்பு வரும். மாமனாரின் விடியற்கால இருமல் எழுந்தால் வெந்நீர் வைக்கவேண்டும். சின்னவன் விழித்தால் "அம்மா" என்பான். இந்தக் கொட்டகையைக் கடந்து குளியலறைக்குத் தனியே வர அவனுக்குப் பயம்.

ஒரு சில்லு ஒட்டினாள். இன்னொன்று.

யாரும் அழைக்கவில்லை.

பசை தேனாக நூலிழுத்தது. சன்னலுக்கு வெளியே வெண்மை நகர்ந்துகொண்டே இருந்தது. நகர்வது பனியா கொட்டகையா என்று தெரியவில்லை. அவள் கைகள் அவளைக் கேளாமலே வேலை செய்தன. மூச்சைக்கூட மெதுவாக விட்டாள், கனவு கலைந்துவிடுமோ என்று.

கடைசிச் சில்லை அழுத்தியபோதும் கிண்ணத்துப் பசை இளகியே இருந்தது.

விளக்கடியில் மீனின் வடிவில் ஒரு சட்டம். முதுகில், காற்றே வந்து ஏந்திக்கொள்ளத் தோன்றும் ஒரு வளைவு.

அப்புறம்தான் சன்னலை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு வெளிச்சம் வந்தபின்னுமா ஒருவரும் எழவில்லை?

ஓடினாள். கூடத்தில் மாமனாரின் கட்டில் காலியாக இருந்தது. படுக்கையறைக் கதவு சாத்தியும் சாத்தாமலும் நின்றது. உள்ளிருந்து ரகசியக் குரல்கள்.

"அப்பா, எனக்கும் அவசரமா வருதுப்பா."

"அடக்கிக்கடி. தம்பி மாதிரி பண்ணிடாதே."

இடுக்கில் கண்ணை வைத்தாள்.

மெத்தையின் நடுவே பெரியதோர் ஈரவட்டம். அதற்கு ஒதுங்கி, காய்ந்த ஓரத்தில் குடும்பம் முழுவதும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. கணவனின் முதுகு தெரிந்தது. அவன் மடியில் பக்கவாட்டாகச் சின்னவன். வாயைத் தகப்பனின் உள்ளங்கை பொத்தியிருக்க, கண்கள் மட்டும் அகல விழித்துச் சிரித்தன.

"இன்னும் கொஞ்ச நேரம்டா, வாலு. அம்மா றெக்கை ஒட்டுறா. நாம சத்தம் போட்டா அது பறந்துபோயிடும்."

மாமனார் மட்டும் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தலையணையை வாயில் புதைத்திருந்தார். அடக்கிய இருமலில் தோள்கள் குலுங்கின. கண்ணோரம் நீர் வழிந்தது.

அவர் அவளைப் பார்த்துவிட்டார்.

அவள் கதவைத் தள்ளவில்லை. சந்நிதியில் நிற்பவள்போல அந்த இடுக்கின்முன் நின்றாள். பசை படிந்த கைகள் இரண்டும் தாமாகவே குவிந்தன. தலை தாழ்ந்தது.

கிழவர் தலையணையைச் சற்றே இறக்கினார். வலக்கை மெல்ல உயர்ந்தது. பல் வைக்காத வாய், காற்றாக மட்டும் பேசியது.

"நல்லா இரும்மா. நிக்காதே, போ... பசை காஞ்சுடும்."